பண்டிகை முடியட்டும், பார்த்துக்கலாம்! (டாக்டரிடம் கேளுங்கள்)

தீபாவளி முடிந்து இரண்டு வாரத்துக்கு எனக்கு வருகிற கடிதங்களுக்கு ஒரு தனி வாசனை உண்டு. பாதிக் கடிதத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், மீதி மின்னஞ்சலாக வந்தாலும் அதிலும் அதிரசம், முறுக்கு, லேகியம் எல்லாம் எட்டிப் பார்க்கும். எங்கேயாவது நடுவில், "பண்டிகை முடியட்டும், பார்த்துக்கலாம்னு இருந்துட்டோம் டாக்டர்" என்ற ஒரு வரி நிச்சயம் இருக்கும். இந்தத் தடவை அந்த வரி இருந்த கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், முடி கொட்டுவதைப் பற்றி அடுத்த இதழில் பேசலாம்.

எப்போது நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தாலும் முதல் நாளே எனக்குத் தொண்டை கட்டி, மூக்கு ஒழுகி, காய்ச்சல் வந்துவிடுகிறது. தீபாவளி, பொங்கல், போன மே மாதம் ஏற்காடு போனது எல்லாம் இப்படித்தான் ஆனது. "எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்னா மட்டும் உனக்குக் காய்ச்சல் வருது" என்று கணவர் கேலி செய்கிறார். இப்படி ஒரு வியாதி நிஜமாகவே உண்டா?
வாசகி, குரோம்பேட்டை

உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஃப்ளூ வைரஸ் உள்ளே போய்க் காய்ச்சலாக வெளியே தெரிய ஒன்று முதல் நாலு நாள் ஆகும். சாதாரணச் சளிக்கு ஒன்று முதல் மூன்று நாள். தீபாவளி காலையில் தொண்டை வலித்தால் அங்கிருந்து விரல் விட்டுப் பின்னால் எண்ணுங்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ரங்கநாதன் தெருவில், முன்னால் போகிறவர் முதுகில் மூக்கு இடிக்கிற நெரிசலில் இருந்தீர்கள். அப்புறம் கிளாம்பாக்கத்தில் மூன்று மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தீர்கள். அப்புறம் ஜன்னல் திறக்க முடியாத ஏ.சி. பஸ்ஸில் விடிய விடிய நாற்பது பேர் விட்ட மூச்சையே நீங்களும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அதற்கு முந்தின ஒரு வாரம் ஆபீசில் லீவுக்கு முன் வேலையை முடிக்க ராத்திரி பன்னிரண்டு வரை முழித்திருப்பீர்கள், வீட்டில் மாவு இடித்து முறுக்கு பிழிந்திருப்பீர்கள். தூக்கம் குறைந்த உடம்பில் கிருமிக்கு வேலை சுலபம்.

இதற்குப் பெயர் வைத்தவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் விங்கர்ஹூட்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் 2002-ல் 'ஓய்வு நோய்' என்று ஓர் ஆய்வு வெளியிட்டார். வேலை நாளில் நன்றாக இருந்துவிட்டு சனி ஞாயிறு, லீவு என்றால் மட்டும் தலைவலி, உடம்பு வலி, சளி என்று படுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதில், சுமார் 1,900 பேரில் 3 சதவீதம் பேர் 'நான்தான்' என்றார்கள். வேலையை மனசிலிருந்து இறக்கி வைக்கத் தெரியாதவர்கள், பொறுப்பை ரொம்பத் தலையில் போட்டுக்கொள்கிறவர்கள் அதில் அதிகம். நீங்கள் எந்த வகை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, நாலு பக்கக் கடிதத்துக்கு ஓரத்தில் பக்க எண் வேறு போட்டிருக்கிறீர்கள்!

செய்யக்கூடியது கொஞ்சம்தான். துணிக்கடைக்குப் பத்து நாள் முன்னாடியே போய்விடுங்கள், பஸ்ஸில் மாஸ்க் போடுங்கள், கிளம்புவதற்கு முந்தின இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்குங்கள். முறுக்கைக் கடையில் வாங்குங்கள். மாமியார் ஏதாவது சொன்னால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

எங்கள் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் முன்னாடியே காய்ச்சல். உடம்பெல்லாம் வலி, கண்ணுக்குப் பின்னால் வலி என்றார். வந்த இடத்தில் படுத்துவிட்டாரே என்று எங்களுக்கு சங்கடம், பக்கத்துத் தெருவில் காட்டி ஊசி போட்டோம். தீபாவளிக்கு மறுநாள் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், கறி விருந்து வைத்தோம். அன்று சாயங்காலமே வயிற்று வலி, நாலு தடவை வாந்தி, கை கால் சில்லிட்டுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள், பிளேட்லெட் 28 ஆயிரம். ஐந்து நாள் இருந்து நல்லபடியாகத் திரும்பி வந்தார். காய்ச்சல் விட்ட பிறகுதானே உடம்பு தேற வேண்டும்? எங்கள் சாப்பாட்டில் ஏதாவது தப்பா? சம்பந்தி வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.
வாசகி, மதுரை

அம்மா, உங்கள் கறிக் குழம்பின் மேல் ஒரு தப்பும் இல்லை. சம்பந்தி வீட்டுக்கு இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்புங்கள்.

மற்றக் காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசமே நீங்கள் கேட்டதுதான். மற்றதில் ஜுரம் விட்டால் ஆள் எழுந்து உட்காருவார். டெங்குவில் ஜுரம் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பொதுவாகக் காய்ச்சல் தொடங்கின மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும், வந்தால் ஒன்று இரண்டு நாள் நீடிக்கும். அந்த நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாயின் சுவர் ஓட்டையான சல்லடை மாதிரி ஆகி, ரத்தத்தில் இருக்கிற நீர் வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் போய்த் தேங்கும். குழாய்க்குள் மிச்சம் இருக்கிற ரத்தம் குழம்பு சுண்டுகிற மாதிரி கெட்டியாகிவிடும், பிரஷர் இறங்கும், கை கால் சில்லிடும். நெற்றி சில்லென்று இருக்கிறதே, காய்ச்சல் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிற அதே நேரத்தில்தான் உள்ளே இது நடந்துகொண்டிருக்கும். உங்கள் மாப்பிள்ளைக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலாம் நாள்.

அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்கு மழை பெய்கிற இந்த மூன்று மாதத்தில், தமிழ்நாட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் வேலையாக ஒரு பழைய காலண்டர் தாளில் காய்ச்சல் தொடங்கின தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். "எப்ப வந்துச்சு?" என்று நான் கேட்டால் அம்மா ஒரு நாள் சொல்வார், பையன் ஒரு நாள் சொல்வான், அப்பா "பண்டிகைக்கு முன்னாடி" என்பார். டெங்குவில் எல்லாமே நாள் கணக்கு. எந்த டெஸ்ட் எடுப்பது என்பது கூட அதைப் பொறுத்ததுதான். முதல் நாலைந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1, அதற்கு மேல் போய்விட்டால் ஐ.ஜி.எம். ஐந்து நாள் கழித்து என்.எஸ்.1 எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி ஊருக்குக் கிளம்பக் கூடாது.

அந்த ஊசி விஷயத்துக்கு வருகிறேன். என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை, நம் ஊரில் யாரும் கேட்பதும் இல்லை. உடம்பு வலிக்கு என்று போடுகிற டைக்ளோஃபெனாக், கடையில் கேட்டு வாங்குகிற இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் டெங்குவில் ரத்தக் கசிவைத் தூண்டிவிடக் கூடியவை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் நாலுக்கு மேல் வேண்டாம். ஈரல் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் அதையும் போட வேண்டும். "ஒரு ஊசி போட்டாத்தான் டாக்டர் பண்டிகைக்கு எழுந்து நடமாட முடியும்" என்று என்னிடமே வருஷா வருஷம் பத்துப் பேராவது கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. அவர்கள் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றி நம் ஊரில் ஒரு பீதி இருக்கிறது, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மணிக்கொரு தடவை போனில் விசாரிக்கிறார்கள். 28 ஆயிரம் என்றால் பயமாகத்தான் இருக்கும், இருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆயிற்றே. ஆனால் ரத்தம் எங்கும் கசியாமல் இருந்தால் 10 ஆயிரத்துக்குக் கீழே போகிற வரை பிளேட்லெட் ஏற்றுவதில் பெரிய பயன் இல்லை. ரிப்போர்ட்டில் அதற்கு மேலேயோ கீழேயோ ஹெமடோகிரிட் அல்லது பி.சி.வி. என்று இன்னொரு எண் இருக்கும், அதை யாரும் பார்ப்பதே இல்லை. அது ஏறினால் ரத்தம் சுண்டுகிறது என்று அர்த்தம். டாக்டர்கள் முக்கியமாகக் கவனிப்பது அதைத்தான், குளுக்கோஸ் பாட்டில் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதை வைத்துத்தான்.

பப்பாளி இலைச் சாறு? எண்ணிக்கை கொஞ்சம் ஏறுகிறது என்று சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நீர்க்கசிவு, அதை இலைச் சாறு நிறுத்தாது. ஏற்கெனவே வாந்தி எடுப்பவருக்கு அந்தக் கசப்பைக் கொடுத்தால் இன்னும் நாலு வாந்தி வரும், அதோடு போகிற நீரை யார் ஈடுகட்டுவது? நிலவேம்புக் குடிநீர் அரசாங்கமே ஊர் ஊராகக் கொடுத்ததுதான், குடிக்கிறவர்கள் குடியுங்கள். அது ஆஸ்பத்திரிக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், ஆள் சோர்ந்து விழுவது அல்லது காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் தவிப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் தலைதீபாவளியாவது இன்னொன்றாவது, உடனே கிளம்ப வேண்டும்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லி வையுங்கள். டெங்குவில் நாலு வகை உண்டு. வந்த வகை திரும்ப வராது, ஆனால் வேறு வகை இரண்டாம் தடவை வந்தால் அது கடுமையாக இருக்க வாய்ப்பு கூட. வீட்டில் ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, மொட்டை மாடியில் கவிழ்க்காமல் கிடக்கிற பெயின்ட் டப்பா, மழையில் நனைந்த பூச்சட்டிக்கு அடியில் உள்ள தட்டு இவற்றை வாரம் ஒரு தடவை கொட்டிக் கவிழ்க்கச் சொல்லுங்கள். இந்தக் கொசு சாக்கடையில் வளர்கிற கொசு இல்லை, நல்ல தண்ணீரில் வளர்ந்து பட்டப்பகலில் கடிப்பது.

வாந்தி பேதிக்கு தீபாவளி லேகியம் கேட்குமா? இது எதனால் வந்திருக்கும்?
வாசகர், கும்பகோணம்

கேட்காது. லேகியம் அளவுக்கு மீறித் தின்றதால் வந்த மந்தத்துக்கு ஒரு சுண்டைக்காய் அளவு சாப்பிடுகிற சமாசாரம். சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய். அது வரைக்கும் எனக்கும் பிடிக்கும், என் மாமியார் கிண்டினது என்றால் ஒரு உருண்டை சும்மாவே சாப்பிடுவேன். பேதி ஆகிறவருக்கு நெய்யும் வெல்லமும் எதற்கு?

உங்களுக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். இதில் நம் ஆட்கள் செய்கிற ஒரு தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அதை ஒரு டம்ளரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு "குடிக்க மாட்டேங்கிறான், உப்புக் கரிக்குதாம்" என்கிறார்கள். கரிக்காமல் என்ன செய்யும், அப்படிக் கொடுத்தால் ஆபத்தும் கூட. கடையில் 200 மில்லிக்கு என்று சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது, எது கையில் இருக்கிறது என்று படித்துவிட்டுக் கலக்குங்கள். கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தீபாவளியன்று மெடிக்கல் எல்லாம் மூடியிருந்தால் ஒரு லிட்டர் கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்த பத்து நிமிஷம் கழித்து ஸ்பூன் ஸ்பூனாக. டெட்ரா பாக்கில் ஆரஞ்சு வாசனையோடு வருகிற இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பெயரைப் பானங்களில் போட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடையே போட்டது.

இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை லேசாக நினைக்காதீர்கள். 1971-ல் வங்கதேசப் போர் சமயத்தில் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோய், திலீப் மஹலானாபிஸ் என்ற கொல்கத்தா டாக்டர் டிரம்மில் இதைக் கரைத்து வைத்து உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஊசி போடாமல் என்ன வைத்தியம் என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

எதனால் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பிட்ட நேரத்தையும் வாந்தி தொடங்கின நேரத்தையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அதிரசமும் முறுக்கும் உலர்ந்த பண்டம், அவற்றை ஓரளவு விட்டுவிடலாம். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் என் சந்தேகம் ராத்திரி வெளியிலேயே கிடந்து காலையில் சூடு பண்ணின பார்சல் சோறு, ஃப்ரைட் ரைஸ், இல்லை பால் ஸ்வீட் மேல்தான். சூடு பண்ணினால் கிருமி சாகும், அது ஏற்கெனவே கக்கி வைத்த நஞ்சு சாகாது. காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் இந்தக் கைவைத்தியத்தோடு நிற்க வேண்டாம்.

தீபாவளி அன்று விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போதே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 'வாயு' என்றார். பெருங்காயத் தண்ணீர், சோடா எல்லாம் கொடுத்தோம். அம்மா கேதார கௌரி நோன்பு. "நோன்பு முடிஞ்சு கயிறு கட்டிட்டுப் போகலாம், நாள் கிழமையில ஆஸ்பத்திரியா" என்று அப்பாவே சொன்னார். மத்தியானம் வேர்த்துக் கொட்டிய பிறகுதான் போனோம். கயிறு கட்டின கையோடு அம்மா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் 35 சதவீதம்தான் வேலை செய்கிறது என்கிறார்கள். காலையிலேயே போயிருந்தால்? அம்மா தினமும் அழுகிறார்.
வாசகர், ஈரோடு

காலையிலேயே போயிருந்தால் சேதம் குறைந்திருக்கும். இதை மழுப்பிச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: நோன்பு காரணமில்லை, வாயு என்ற அந்த வார்த்தைதான் காரணம். நோன்பு இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளிலும் எத்தனையோ அப்பாக்கள் சோடா குடித்துவிட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். அம்மா கயிறு கட்டின கையோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தீர்கள். அவரை அழ வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பண்டிகைக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று ஸ்வீடனில் பார்த்திருக்கிறார்கள். 1998 முதல் 2013 வரை அங்கே பதிவான 2 லட்சத்து 83 ஆயிரம் மாரடைப்புகளை எடுத்து நாள் நாளாகப் பிரித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவர்கள் ஊரில் அதுதான் பெரிய பண்டிகை நாள், 37 சதவீதம் அதிகம், அதிலும் ராத்திரி பத்து மணி வாக்கில் உச்சம். ஈஸ்டருக்கு அப்படி ஏறவில்லை. 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நம் தீபாவளிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தூக்கமில்லாத இரவு, வயிறு முட்டச் சாப்பாடு, சிலர் வீட்டில் பாட்டில், அண்ணன் தம்பி வாக்குவாதம், பட்டாசுப் புகை, மறந்துபோன பிரஷர் மாத்திரை எல்லாம் நம்மிடமும் இருக்கிறது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெஞ்சின் நடுவில் அழுத்தம், அது இடது கை, தாடை, முதுகு என்று பரவுவது, கூடவே வேர்வை, இது கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால் வாயுவா இல்லையா என்று தீர்மானிக்கிற வேலையை இ.சி.ஜி. மெஷினிடம் விட்டுவிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கல், களைப்பு, மேல் வயிற்றுப் பிரட்டல் என்று வரலாம். 108-க்கு தீபாவளி லீவு கிடையாது, அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கும் கிடையாது. 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கின 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்பு என்று தெரிந்தால் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே ஆஸ்பிரின் வாங்கி வைத்து நெஞ்சு எரிச்சலுக்கெல்லாம் விழுங்க வேண்டாம். மேலே மதுரைக் கடிதத்துக்கு என்ன எழுதினேன் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 35 என்பது முடிந்துபோன கணக்கு இல்லை. மருந்தும் நடைப்பயிற்சியும் ஒழுங்காக இருந்தால் சில மாதத்தில் எக்கோவில் அந்த எண் ஏறுவதைப் பலரிடம் பார்க்கிறேன். உப்பைக் குறையுங்கள், மாத்திரையை ஒரு வேளை கூட விட வேண்டாம்.

சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுகிறேன். பண்டிகையில் காய்ச்சல் வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடாதபோது எதற்கு என்று ஊசியை நிறுத்திவிட்டேன். சரிதானே?
வாசகர், நாகர்கோவில்

சரியில்லை. காய்ச்சல் வந்தால் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும், உடம்பு அப்படி. அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் வேலை, போனிலாவது கேளுங்கள். நீங்களாக முழுசாக நிறுத்தக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். ஆனால் வாந்தி பேதி இருந்தால் மெட்ஃபார்மினும், 'ஃப்ளோசின்' என்று பெயர் முடிகிற மாத்திரைகளும் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரலாம், அதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

பொங்கலுக்கு இரண்டு குழந்தைகளோடு தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்துக்குப் போகிறோம். போன பொங்கல் முடிந்து பெங்களூர் திரும்பின பத்தாம் நாள் பெரியவனுக்குக் கடும் காய்ச்சல், இரண்டு ஆன்டிபயாடிக் மாற்றியும் விடவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்து மருந்தை மாற்றினார், இரண்டு நாளில் எழுந்துவிட்டான். என்ன அது? இந்தத் தடவை என்ன எடுத்துப் போக வேண்டும்?
வாசகி, பெங்களூர்

அந்த டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது.

அது ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். புல், புதர், வைக்கோல் பக்கம் இருக்கிற கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்தது தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலாக வரும், அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள், 'கிராமத்துக்குப் போனோம்' என்று டாக்டரிடம் சொல்லத் தோன்றாது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு சிலருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது, அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு நாடா படுகிற இடம் என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் உட்காரும். சாதாரணமாகக் கொடுக்கிற அமாக்ஸிசிலின் வகை இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ போட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும், விட்டுவிட்டால் நுரையீரல், மூளை வரை போகும். தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர்கிற மாதங்கள்தான் இதற்குச் சீசன், பொங்கல் அதன் நடுவில் வருகிறது. பையன்கள் வைக்கோல் போரில் ஏறட்டும், அதைத் தடுத்தால் கிராமத்துக்கு எதற்குப் போவது? சாயங்காலம் வந்ததும் குளிப்பாட்டி, போட்ட துணியைத் தோய்க்கப் போட்டுவிடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியது ஒரு சின்ன டப்பாவில் அடங்கிவிடும். தெர்மாமீட்டர், குழந்தையின் எடைக்குத் தகுந்த பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட், யாருக்காவது வீசிங் இருந்தால் அவர்களுடைய இன்ஹேலர், ஏனென்றால் போகி அன்று காலையில் ஊர் முழுக்கப் புகை. பெரியவர்களின் அன்றாட மாத்திரைகள் தங்குகிற நாளை விட நாலு நாள் கூடுதலாக. எல்லோருடைய மருந்துச் சீட்டையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், "அந்த வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு போட்டிருக்கும்" என்று எந்த டாக்டரிடமும் சொல்லிப் பயனில்லை. கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றே, ராத்திரியிலும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எது, எவ்வளவு தூரம் என்று மச்சினரிடம் கேட்டு வையுங்கள். ஆலோசனைக்கு மட்டும் என்றால் தமிழ்நாட்டுக்குள் 104.

இவ்வளவு சொல்கிறீர்களே டாக்டர் அம்மா, நீங்கள் பண்டிகை நாளில் உடம்புக்கு முடியாமல் படுத்ததே இல்லையா?
வாசகி, திருவண்ணாமலை

படுத்திருக்கிறேன். முப்பது வருஷம் இருக்கும், அப்போது வேறு ஊரில் வேலை. போகி அன்று மத்தியானம் தொப்புளைச் சுற்றி வலி. மற்றவர்களுக்கு நான் சொல்லக் கூடாது என்று சொல்கிற எல்லாவற்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயு, நேற்று சாப்பிட்ட போளி, கரும்பு. ஜெலூசில் குடித்தேன். ராத்திரி வலி நகர்ந்து வலது பக்கம் கீழே வந்து உட்கார்ந்தது. இதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன், மாணவர்களுக்குக் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் விடிந்தால் பொங்கல், புதுப் பானை வாங்கி வைத்தாகிவிட்டது, மாமனார் மாமியார் வந்திருக்கிறார்கள், பானை பொங்கட்டும், பார்த்துக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் கோலம் வேறு போட்டேன். குனிந்து போட்ட கோலத்திலிருந்து நிமிர முடியவில்லை. என் மாமியார்தான், படிக்காதவர், முகத்தைப் பார்த்துவிட்டு "பானையை நான் பாத்துக்கறேன், நீ முதல்ல வண்டியில ஏறு" என்றார்.

குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்த சர்ஜன் என் சீனியர், மயக்கம் தெளிந்ததும் ஒரு வார்த்தை திட்டவில்லை, "டாக்டருக்குப் படிச்சவங்க தானே நீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மாட்டுப் பொங்கலன்று ஒரு தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வந்தது, முந்திரி எல்லாம் மேலாக நின்றது. எனக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கூடாது என்று போர்டில் எழுதியிருந்ததால் அதை வார்டு ஆயாவும், பக்கத்துக் கட்டில் பாட்டியின் பேரனும் என் கண் எதிரிலேயே வழித்துச் சாப்பிட்டார்கள்.